மூடி மூடித் திறந்த புண்

என் மனைவிக்கு டாக்டரைப் பார்க்கப் போவதும் கோயிலுக்குப் போவதும் ஒன்றுதான். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். உடைந்த காலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலைக்குக் குளிப்பாள். பிறகு சமையலறைக்கு வந்து கட்டைப் பிரிப்பாள். கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீரில் பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைப்பாள். இன்னொரு பஞ்சு, இன்னொரு பஞ்சு, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை விடமாட்டாள். புதுத் துணி வைத்துச் சுருக்கமில்லாமல் கட்டி, சுற்றிலும் பவுடர் போட்டுவிட்டு, காய்ச்சலுக்கும் வலிக்கும் போடுகிற பெனடோல் மாத்திரை இரண்டு விழுங்குவாள். பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது முனகாமல் உட்கார வேண்டுமாம்.

“யாரப் பாக்கப் போற, மாப்பிள்ள பாக்கவா?” என்று கேட்பேன்.

“அழுக்காப் போயி நின்னா டாக்டர் என்னா நெனைப்பாங்க? உங்களுக்கு என்னா, பஸ்ஸுல ஒக்காந்துக்கிட்டே பொழுது போவுது.”

நான் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறேன். குளித்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனால் அவளுடைய சுத்தத்துக்கு முன்னால் நான் எப்போதும் அழுக்குத்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்கும் டிரசர்தான் எல்லாம். அழுக்குக் காலோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, பைப்படியைக் காட்டி, “போ, கழுவிட்டு வா” என்பார். கூட்டத்துக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தை போதும், ஒருவாரத்துக்கு தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் தலைகாட்ட முடியாது. அந்த டிரசர் செத்துப் பல காலம் ஆகிறது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். அவர் போட்ட பயம் மட்டும் என் வீட்டுச் சமையலறையில் பஞ்சும் உப்புத் தண்ணீருமாக உயிரோடு இருந்தது.

அவள் கால் உடைந்த கதை பெரிய கதையில்லை. ஈப்போவில் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செமோரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் ஒரு துக்க வீட்டுக்குப் போனாள். திரும்பும் வழியில் நாய் குறுக்கே வந்தது. நாய் பிழைத்துக்கொண்டது. இவள் சாலையோரச் சாக்கடையில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சேற்றுக்குள் நின்றது.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். சேற்றையெல்லாம் கழுவி எடுத்து, இரும்புத் தகடு வைத்து, திருகாணி போட்டு முடுக்கினார்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. தையல் பிரித்து, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். எலும்பு ஒட்டிவிடும், வேலைக்குப் போய்விடலாம் என்று இருந்தோம்.

சில மாதம் கழித்துத் தழும்பின் மேல் ஒரு சின்னப் பரு வந்தது. உடைந்து, தண்ணீர் மாதிரிக் கொஞ்சம் வடிந்து, தானாகவே மூடிக்கொண்டது. அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி திறந்தது. செமோர் கிளினிக்கில் கொடுத்த கேப்சூலைத் தின்றாள், மூடியது. மறுபடி தேங்காய். மறுபடி திறந்தது. இப்படியே போனது. திறந்தால் வீட்டில் பேச்சிருக்காது, மூடினால் அன்றைக்கு மீன் குழம்பு. மேலே மூடினால் ஆறிவிட்டது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். உள்ளே அடைபட்டது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். வயது அதிகமில்லை. பொறுமைசாலி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, எலும்பு இன்னும் ஒட்டவில்லை என்றார். ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் சளி பிடித்தாலும் கூடும், பல் வலித்தாலும் கூடும் என்றார். என் மனைவிக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி வேறு இருக்கிறது. அதனாலும் எலும்பு ஒட்டத் தாமதமாகலாம். கிருமியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளை மலாயில் கேட்பார். புண்ணில் ஏதாவது வடிகிறதா? காய்ச்சல் இருக்கிறதா? வலி?

“தாடா டாக்டர்,” என்பாள் என் மனைவி. இல்லை என்று அர்த்தம். வலிக்கு மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, “சிகிட் சாஜா,” கொஞ்சம்தான் என்பாள்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். காய்ந்த புண். வாசமில்லை. சூடு பார்க்கும் கருவியில் காய்ச்சலும் இல்லை. எப்படி இருக்கும்? வடிந்ததெல்லாம் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில் பஞ்சாகக் கிடக்கிறது. காய்ச்சல் பெனடோலுக்குள் படுத்துக் கிடக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் சுத்தத்தில் மறைத்தாள். மறைக்கிறோம் என்று தெரியாமலே மறைத்தாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறந்தால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அது தவிர, இத்தனை மெஷின் வைத்திருக்கிறார்களே, படத்தில் தெரியாததா, ரத்தத்தில் தெரியாததா, பஸ் ஓட்டுகிறவன் சொல்லித்தானா தெரிய வேண்டும் என்றும் இருந்தது.

ஒருநாள் காலையில் பார்க்க வேண்டிய டாக்டர் மதியம் தாண்டியும் வரவில்லை. மலைச்சாலையில் பஸ் விபத்து, எல்லாரும் ஆபரேஷன் அறையில் இருக்கிறார்கள் என்று நர்ஸ் மிஸி வந்து சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். வேறு என்ன செய்வது? சாப்பாட்டு நேரம் போனது. பெனடோலும் தன் வேலையை முடித்துக்கொண்டு போனது. என் மனைவி துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தோளைத் தொட்டேன், சுட்டது.

அப்புறம்தான் வாசம் வந்தது. தோட்டத்தில் கட்டிப்பால் என்போம், மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் உறைந்து கெட்டுப்போன ரப்பர் பால். அதைச் சாக்கில் போட்டு வெயிலில் வைத்தால் ஒரு வாசம் வரும். அது மாதிரியும் இருந்தது, அதைவிட இனிப்பாகவும் இருந்தது. பக்கத்து நாற்காலிச் சீனப் பாட்டி மெதுவாக எழுந்து வேறு இடத்துக்குப் போனார். என் மனைவி குனிந்து பார்த்தாள். வெளிர்நீலச் சுடிதாரில், கணுக்காலுக்கு மேலே, மஞ்சளாக ஒரு வட்டம்.

“வீட்டுக்குப் போலாங்க,” என்றாள்.

“இத்தன நேரம் இருந்துட்டுப் போறதா?”

“இப்பிடியே போயி அவுங்க முன்னால ஒக்கார மாட்டேன். இன்னொரு நாளைக்கு வரலாம்.”

ஊன்றுகோலை எடுத்துவிட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நடைபாதையில், இத்தனை பேர் பார்க்க, ஓர் ஊன்றுகோலுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் இழுத்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் எங்கள் எண்ணை அழைத்தார்கள்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். துணி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. தழும்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். அந்தச் சின்னத் துளையிலிருந்து சீழ் வந்தது. அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தது. என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்போதிலிருந்து?” என்று டாக்டர் கேட்டார்.

நான் சொன்னேன். பருவிலிருந்து தொடங்கி, கேப்சூல், தேங்காய், உப்புத் தண்ணீர், பெனடோல் எல்லாவற்றையும் சொன்னேன். என் மலாய் மார்க்கெட் மலாய். ஆனாலும் புரிந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தார். ரத்தம் பாதி சொல்லும், படம் பாதி சொல்லும், இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது. எலும்புவரை போகிற இந்தத் துளையும் இந்தச் சீழும்தான் சந்தேகமே இல்லாத அடையாளம். இதைத்தான் இத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன், நீங்கள் கழுவிவிட்டு வந்துவிட்டீர்கள் என்றார்.

“இனிமேல் கழுவாமல் வாங்க அக்கா. மாத்திரையும் போடாமல் வாங்க.” அக்கா என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். என் மனைவி தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. காலுக்காக அழுகிறாள் என்று டாக்டர் நினைத்திருப்பார். அவள் அழுதது அந்த மஞ்சள் வட்டத்துக்காக என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிருமி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும் என்றார் டாக்டர். வடிகிற சீழைத் தொட்டு எடுத்துச் சோதித்தால் தோலில் இருக்கிற கிருமிதான் வரும், உள்ளே குடியிருப்பது அதுவாக இருக்காது. காலைத் திறந்து, எலும்பிலிருந்தும் தகட்டைச் சுற்றியும் பல துண்டுகள் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் அந்தக் கேப்சூல் மாதிரிக் கிருமி மருந்து எதையும் தொடக்கூடாது. மருந்து உடம்பில் இருந்தால் கிருமி பதுங்கிக்கொள்ளும், எடுத்த துண்டில் ஒன்றும் முளைக்காது. எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்த மருந்து என்றும் தெரியாது, அப்புறம் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். காய்ச்சல் ஏறி நடுக்கம் வந்தால் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு வந்துவிட வேண்டும்.

“காலு போயிருமா?” என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். டாக்டரிடம் கேள் என்றேன். அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தை எப்படிச் சொல்வது? வியாதிக்கு மருந்து தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். கையில் மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவனை நான் பார்த்ததில்லை. நானே அப்படி உட்கார்ந்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே சிவந்து, பளபளவென்று வீங்கியது. பெட்ஷீட் பட்டாலே வலிக்கிறது என்றாள். மதியமானால் உடம்பு சுடும், சூட்டைப் பார்த்தால் எமர்ஜென்சிக்கு ஓடும் அளவுக்கு இருக்காது. இன்னும் கொஞ்சம் ஏறித் தொலைத்தாலாவது தூக்கிக்கொண்டு ஓடலாமே என்றுகூட எனக்குத் தோன்றியது. எவ்வளவு கேவலமான நினைப்பு!

அவளுடைய அக்கா தெலுக் இந்தானிலிருந்து பஸ் ஏறி வந்தார். வந்து காலைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து பாதி தின்ற கேப்சூல் அட்டை ஒன்றை எடுத்தார். அவருடைய வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்ததன் மிச்சம். மிச்ச மாத்திரையைத் தூக்கிப்போடும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒரு வீட்டில் மிஞ்சியது இன்னொரு வீட்டில் நோயைத் தீர்க்கும், அதுதான் எங்கள் சொந்தபந்தம்.

“வேணாங்கா. டாக்டர் சொல்லியிருக்காங்க,” என்றேன்.

“டாக்டரு வீட்டுல போயி தூங்குறாங்க. இவதான இங்க துடிக்கிறா. ஒன்னே ஒன்னு குடுத்தா என்னா ஆயிறப் போவுது?”

“அந்த ஒன்னுலதான் எல்லாம் கெட்டுப் போவும்.”

“தம்பி, ரோட்டுல நாயி அடிபட்டுக் கெடந்தாக்கூட மஞ்சத்தூள் வெக்கிறாங்க. நீங்க கட்டுன பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கீங்களே.”

அவர் சொன்னது உண்மை. நான் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அக்காவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்த குழந்தை பக்கத்து இலையைப் பார்க்கிற மாதிரி. நான் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா ஊருக்குப் போகும்வரை என்னோடு பேசவில்லை.

அந்த அட்டை மறுநாளும் என் பையில்தான் இருந்தது. ஏன் வீசவில்லை என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. ஆள் இறக்கிவிட்டு, தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பஸ்ஸில் கடைசியாக இறங்கிய வங்காளதேசத்துப் பையன் திரும்பி வந்து, “அங்கிள், ஓக்கே?” என்று கேட்டான். ஓக்கே என்றேன். இப்போது பார்த்தால், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பதில்தான் வாயில் வருகிறது.

ஆபரேஷன் அன்று நான் வெளியே நின்றேன். முடிந்த பிறகு டாக்டர் வந்து சொன்னார். தகட்டுக்குக் கீழே எலும்பில் ஒரு பகுதி செத்துப் போயிருந்தது. நல்ல எலும்பைச் செதுக்கினால் ரத்தம் கசியும், அது கசியவில்லை. கசியும் இடம்வரைக்கும் செதுக்கிவிட்டோம். தகட்டையும் எடுத்துவிட்டோம். காலுக்கு வெளியே வளையம் மாட்டி எலும்பைப் பிடித்து வைத்திருக்கிறோம். துண்டுகளை ஒவ்வொன்றையும் தனித்தனிக் கருவியால் எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போட்டு அனுப்பியிருக்கிறோம். ஒரு குப்பியில் மட்டும் முளைத்தால் அது கைத்தவறாகக்கூட இருக்கும். பலவற்றில் ஒரே கிருமி முளைத்தால் அதுதான் ஆள்.

அது முளைக்க நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் நான் கும்பிடாத சாமி இல்லை. ஒரு கிருமி நோஞ்சானாகிவிடாமல் நன்றாக வளர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவன் இந்தப் பேராக் மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிஸியிடம் சொன்னேன், சிரித்தார். என் மனைவியிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

முளைத்தது. அநேகமாக எல்லாக் குப்பியிலும் ஒரே கிருமி. அதற்குச் சரியான மருந்தும் இருந்தது. டாக்டர் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறைதான். பெயர் தெரியாமல் அலைந்த திருடனைப் பிடித்தாகிவிட்டது. என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். நான் மலாயில் கேட்டேன். இது எப்போது உள்ளே போனது?

முதல் நாளே போயிருக்கலாம், அந்தச் சாக்கடையிலேயே என்றார் டாக்டர். சில கிருமிகள் இரும்பில் ஒட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும்.

“அப்ப நடுவுல அது ஆறவே இல்லையா?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவள் ஒவ்வொரு முறையும் உடைத்த தேங்காய்களை நினைத்துக்கொண்டேன். அவளும் நினைத்திருப்பாள்.

வளையத்தோடு அவள் பட்ட பாட்டை எழுதினால் அது வேறு கதை. எலும்பு ஒருவழியாக ஒட்டியது. வளையத்தைக் கழற்றினார்கள். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, ஆனால் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது என் மனைவி, எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாமல், தானே மலாயில் கேட்டாள். கிருமி போய்விட்டதா?

இப்போது அடையாளம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். போய்விட்டது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. அடுத்த மாதம் வரலாம், பல வருஷம் கழித்து வரலாம், வராமலேயும் போகலாம். வந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். இன்னொரு முறை எலும்பைச் செதுக்கினால் கால் மிஞ்சாது. சிவக்கிறதா, சுடுகிறதா, வீங்குகிறதா, வாசம் வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

பார்க்க வேண்டியது நான்தான். இனிப்புநீரால் அவளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது, கண்ணும் மங்கல். தொட்டாலும் அவளுக்குத் தெரியாது, பார்த்தாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்த மெஷின்கள் எல்லாம் போய், கடைசியில் இந்த வேலை என் கைக்கும் மூக்குக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

தினமும் நான் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்ததும் அவள் காலை என் மடியில் தூக்கி வைப்பாள். வெளிச்சத்தில் பார்ப்பேன். புறங்கையை இந்தக் காலில் வைத்து, அந்தக் காலில் வைத்து, எது சூடு என்று பார்ப்பேன். தழும்பை ஓரம் ஓரமாக அழுத்துவேன். பிறகு குனிந்து மோந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் அவள் காலைப் பார்ப்பதே இல்லை. என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் இமைத்தால்கூட, “என்னாங்க?” என்பாள். முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டால், “ஏன் மூஞ்சியக் கல்லாட்டம் வெச்சிருக்கீங்க?” என்பாள். சிரித்தால், எதையோ மறைக்கிறேன் என்கிறாள். என் முகத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

நேற்று எனக்கு நல்ல சளி. மழையில் நனைந்துவிட்டு வந்திருந்தேன். காலைத் தூக்கி மடியில் வைத்தாள். தழும்பின் கீழ் ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்தது. கொசுவாக இருக்கலாம். சொறிந்திருக்கலாம். சூடு பார்த்தேன், எனக்கே காய்ச்சலாக இருந்ததால் எல்லாமே ஒரே சூடாக இருந்தது. குனிந்தேன். இழுத்து இழுத்து மோந்தேன். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. நான் நெஞ்சில் தடவியிருந்த தைலத்தின் வாசம்கூட வரவில்லை. நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சளி புடிச்சிருக்கு. எனக்கு எந்த வாசமும் தெரியலம்மா,” என்றேன்.

“பரவால்லலா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க,” என்றாள். காலை மடியிலிருந்து எடுக்கவில்லை.